வங்கிக் கணக்கில் வந்தது 27 லட்சம், கையில் நின்றது ஆறரை லட்சம்: வருமான வரிக்கு எதைக் காட்டுவது?

மின்வேலைக்காரர், மதுரை
2025 ஆகஸ்ட் 9

அனைவருக்கும் வணக்கம். மதுரை வில்லாபுரம் பக்கம் வீட்டு ஒயரிங் வேலை செய்கிறேன். புது வீடு என்றால் பாயிண்ட் கணக்கில் கூலி பேசுவேன். பழைய வீட்டில் ஒயர் மாற்றுவது, இன்வெர்ட்டர் இணைப்பு, மோட்டார் ஸ்டார்ட்டர் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். என்னோடு இரண்டு பையன்கள் தினக்கூலிக்கு வருகிறார்கள்.

இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. இப்போது அப்பா விட்டுப்போன இடத்தில் வீடு கட்ட ஒரு வங்கியில் கடன் கேட்டேன். முதல் கேள்வியே, "ஐடிஆர் இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்றதும் மேலாளர் கணினியைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்.

சரி, தாக்கல் செய்துவிடலாம் என்று எங்கள் பகுதியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். கடந்த நிதியாண்டுக்கான (2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை) வங்கி அறிக்கையைப் பார்த்தார். மொத்த வரவு 27 லட்சம். "இவ்வளவு சம்பாதிக்கிறாயா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதில் 13.5 லட்சம் வீட்டுக்காரர்கள் பொருள் வாங்கச் சொல்லி அனுப்பிய பணம். ஒயர் காயில், சுவிட்ச், எம்சிபி, டிபி பாக்ஸ், பைப் என்று காலையில் வந்த பணம் மாலைக்குள் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய்விடும். 2.8 லட்சம் நான் எடுத்த சீட்டு. 1.2 லட்சம் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை அம்மாவின் கண் அறுவைக்கு அனுப்பியது. ஆக, என் கூலியாக வந்தது 9.5 லட்சம். இதைத் தவிர ரொக்கமாக வாங்கிய கூலி 1.5 லட்சம் இருக்கும். மொத்தக் கூலி 11 லட்சம்.

பையன்கள் இருவருக்கும் சம்பளம் ஆண்டுக்கு 3.6 லட்சம் போகிறது. வண்டிக்கு பெட்ரோல், டிரில் மெஷின், பிட், கைப்பேசிக் கட்டணம், சுவர் வெட்டும் மெஷின் வாடகை எல்லாம் சேர்த்து ஒரு 80,000. மீதி 6.6 லட்சம். நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் சாப்பிடுகிறோம்.

அந்தக் கணக்கர் சொன்னது இதுதான். "வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. செலவுக் கணக்குக் காட்டாமல், வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிவிடலாம். யுபிஐயில் வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் காட்டினால் போதும். 9.5 லட்சத்துக்கு 57,000, ஒன்றரை லட்சத்துக்கு 12,000, ஆக மொத்தம் 69,000 ரூபாய் லாபம். ஒரு பைசா வரி வராது." வரி வராதது நல்ல செய்திதான். ஆனால் ஆண்டுக்கு 69,000 சம்பாதிப்பவனுக்கு எந்த வங்கி 20 லட்சம் கடன் கொடுக்கும்? இதைக் கேட்டால், "அது வேறு, இது வேறு" என்கிறார்.

இன்னொரு பயம். போன மாதம் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துக் காய்கறிக் கடை, பேக்கரிக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதைச் செய்தியில் பார்த்தேன். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டியில் பதிய வேண்டும் என்கிறார்கள். என் கணக்கில் 27 லட்சம் நிற்கிறது. பொருள் பணத்தை என் வருமானம் என்று எடுத்துக்கொள்வார்களா? பில் சிலது என் பெயரில், சிலது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. கடைக்காரர் ஆண்டுக் கடைசியில் என் கையில் ஒரு 20,000 கொடுப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுமான நிறுவனம் 2.1 லட்சம் கூலியில் 2,100 ரூபாய் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருக்கிறது. அது திரும்பக் கிடைக்குமா?

கடைசியாக ஒன்று. கணக்கு தாக்கல் செய்தால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும் என்று என் மனைவி ஒற்றைக் காலில் நிற்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராமநாதபுரத்துக்காரன்
2025 ஆகஸ்ட் 9

அண்ணே, 12 லட்சம் வரை வரியே இல்லை என்று பட்ஜெட்டில் சொல்லிவிட்டார்களே. உங்களுக்கு ஆறரை லட்சம்தான். எதற்கு வீணாகத் தாக்கல் செய்து வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்? கடனை நகையை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.


குழாய் ஒப்பந்தக்காரர், கோவை
2025 ஆகஸ்ட் 10

ராமநாதபுரத்துத் தம்பி, அந்த 12 லட்சம் 2025 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வருமானத்துக்கு. மதுரைக்காரர் இப்போது தாக்கல் செய்ய வேண்டியது அதற்கு முந்தைய ஆண்டு. அதற்குப் புதிய வரி முறையில் 7 லட்சம் வரைதான் வரி இல்லை. அதோடு, வரி இல்லை என்பதும் தாக்கல் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அந்த வரம்பு போன ஆண்டுக்கு 3 லட்சம், இந்த ஆண்டுக்கு 4 லட்சம். அதற்கு மேல் 7 வரை, 12 வரை என்று சொல்வதெல்லாம் கணக்கைக் காட்டிய பிறகு தரும் கழிவு. வாசலுக்கே போகாமல் உள்ளே தரும் தள்ளுபடியை வாங்க முடியாது. வீடு கட்ட நகையை வைக்கச் சொல்கிறீர்கள். கட்டி முடிக்கும்போது வீடு இருக்கும், நகை இருக்காது.

இனி மதுரைத் தம்பிக்கு. நான் கோவை சிங்காநல்லூரில் பிளம்பிங் ஒப்பந்த வேலை செய்பவன். வரி ஆலோசகன் அல்லன். ஆனால் என் கணக்கை நானே எழுதுகிறேன், ஐடிஆர்-4 படிவத்தை நானே நிரப்புகிறேன், ஆகவே சொல்லும் தகுதி கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் கணக்கர் அந்தப் பிரிவைப் பாதி மட்டும் படித்துச் சொல்லியிருக்கிறார். 6 சதவீதம், 8 சதவீதம் என்பது சட்டம் போட்ட தரை. அதற்குக் கீழே இறங்கினால் கணக்குப் புத்தகம், தணிக்கை என்று கேட்பார்கள். தரைக்கு மேலே நிற்பதை யாரும் தடுக்கவில்லை. உண்மையில் அதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அதைக் காட்டலாம் என்றுதான் பிரிவே சொல்கிறது. பொருள் வாங்கி விற்கும் கடைக்காரருக்கு 6 சதவீத லாபம் நியாயமாக இருக்கலாம். முழுக்க முழுக்கக் கைவேலை செய்கிற உங்களுக்கும் எனக்கும் அந்த எண் எப்படிப் பொருந்தும்? 11 லட்சம் கூலி வாங்கி 69,000 லாபம் என்றால், 10 லட்சத்துக்கு மேல் செலவு என்று ஆகிறது. நாளை ஓர் அதிகாரி, "உங்கள் பள்ளிக் கட்டணமே இதைவிட அதிகமாக இருக்கிறதே, எதில் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

இதில் எனக்கு ஆத்திரமே வருகிறது, ஏன் என்றால் உங்கள் விஷயத்தில் குறைத்துக் காட்டுவதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை. 69,000 காட்டினாலும் வரி பூஜ்யம். 6.6 லட்சம் காட்டினாலும் வரி பூஜ்யம். முதல் எண்ணைக் காட்டினால் வங்கி துரத்திவிடும், இரண்டாவதைக் காட்டினால் உட்காரச் சொல்லும். சும்மா கிடைக்கிற நாற்காலியை விட்டுவிட்டு நிற்கச் சொல்கிறார் அவர். எங்கள் வட்டாரத்திலும் கொத்தனார், வெல்டர், பெயின்டர் என்று எத்தனையோ பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் கடன் கேட்கப் போகிற அன்றைக்குத்தான் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

2,100 டிடிஎஸ் பற்றி: தாக்கல் செய்தால் முழுவதும் திரும்ப வரும். தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு 1 சதவீதம் பிடிப்பது முறைதான். உங்கள் பான் எண்ணைக் கொடுத்திருந்ததால் 1 சதவீதத்தோடு நின்றது. கொடுக்காமல் இருந்திருந்தால் 20 சதவீதம் பிடித்திருப்பார்கள். வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ் என்று இருக்கும். அதில் அந்த நிறுவனம் உங்கள் பான் எண்ணில் 2,100 கட்டியதாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் நிறுவனங்களும் உண்டு. இல்லை என்றால் இப்போதே அவர்களிடம் கேளுங்கள், கெடு முடிந்த பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். இந்த ஆண்டு கெடு ஜூலை 31 அல்ல, செப்டம்பர் 15 வரை நீட்டித்திருக்கிறார்கள். தாண்டினால் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

இப்போது அந்தப் பொருள் பணம். உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான்.

வருமான வரியைப் பொறுத்தவரை அந்த 13.5 லட்சத்தைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் உங்களுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. சேர்த்தால் விற்றுமுதல், அதாவது தொழிலில் வந்த மொத்த வரவு, 24.5 லட்சம் ஆகும். அதன் தரை லாபம் ஒன்றரை லட்சம். நீங்கள் காட்டப்போவது 6.6 லட்சம். அவ்வளவுதான். கடிக்கிற இடம் ஜிஎஸ்டி. பொருளை நீங்கள் உங்கள் பெயரில் வாங்கி, கூலியோடு சேர்த்து ஒரே தொகையாக வீட்டுக்காரரிடம் வாங்கினால், அது முழுவதும் உங்கள் விற்றுமுதல். பொருளும் வேலையும் சேர்ந்த கட்டட ஒப்பந்தத்தைச் சட்டம் சேவையாகத்தான் பார்க்கிறது. எனவே சரக்குக்கு உள்ள 40 லட்ச வரம்பு உங்களுக்குக் கிடைக்காது, 20 லட்சம்தான். கடை பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்து, நீங்கள் அவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தீர்கள் என்று காட்ட முடிந்தால், அது உங்கள் விற்றுமுதலில் சேராது. ஆகவே பில் கட்டை எடுத்து வைத்து, யார் பெயரில் எவ்வளவு என்று பிரியுங்கள். கணக்கரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

இனிமேலுக்கு என் வழியைச் சொல்கிறேன். வீட்டுக்காரரின் பொருள் பணத்தை நான் கையால் தொடுவதே இல்லை. பட்டியலை எழுதிக் கடைக்கு அனுப்புவேன். கடைக்காரர் வீட்டுக்காரர் பெயரில் பில் போடுவார். கடையின் க்யூஆர் படத்தை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அவர் நேராகக் கட்டிவிடுவார். "உங்களுக்கே அனுப்பிவிடுகிறேனே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அந்த அன்பு நம் கணக்கில் 27 லட்சமாக நிற்கும். கட்டாயம் மறுத்துவிடுங்கள். "வாரண்டிக்கு உங்கள் பெயரில் பில் இருப்பதுதான் நல்லது" என்று சொன்னால் எந்த வீட்டுக்காரரும் மறுபேச்சுப் பேசமாட்டார், அது உண்மையும்கூட.

நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜிஎஸ்டியில் பதிந்துவிட்டேன். என் வேலையில் பாதி மில்களுக்கும் பட்டறைகளுக்கும் செய்யும் பழுதுபார்ப்பு. அவர்கள் நான் போடும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வதால் எனக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் வீட்டுக்காரர்கள். அவர்களால் எடுக்க முடியாது. பதிந்த மறுநாளே உங்கள் கூலி 18 சதவீதம் ஏறிவிட்டதாகத்தான் அவர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தெரு ஒயர்மேனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனவே வரம்புக்குக் கீழே நியாயமாக இருக்க முடியும் வரை இருங்கள். தாண்டினால் பதியுங்கள். பதியாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று எழுதி வாங்குவதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் அப்படிச் செய்து கொண்டிருந்தார், வாடிக்கையாளர் ஒருவரே எழுதிப்போட்டுவிட்டார்.

இன்னொன்று, வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி யுபிஐ எண். சீட்டுப் பணமும் தங்கை பணமும் அதன் பக்கமே வரக் கூடாது. அந்த இரண்டும் வருமானம் அல்ல. ஆனால் கூலியோடு கலந்து கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சீட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.


தச்சுக் கணக்கு, தென்காசி
2025 ஆகஸ்ட் 10

என் கணவர் தச்சர். மரம் அவர் பொறுப்பு, கணக்கு என் பொறுப்பு. உங்கள் மனைவியின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது.

உரிமைத் தொகைக்கு அரசு வைத்த நிபந்தனையே குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். தாக்கல் செய்வதால் தகுதி போய்விடும் என்று நினைக்கிறார்கள். உங்களுக்கு 6.6 லட்சம் வருமானம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், தகுதி அப்போதே இல்லை. மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. அதற்காக வீட்டுக் கடனை விடுவதா என்று அக்காவிடம் கேளுங்கள். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். அந்தப் பணத்தில் பால் பாக்கி கட்டிக்கொண்டிருந்தேன்.

44ஏடியில் செலவுக்கு பில் கேட்க மாட்டார்கள் என்பதால் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எழுதாவிட்டால் அந்த 6.6 லட்சம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே அடுத்த ஆண்டு தெரியாது. நான் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழிப்பதில்லை. அன்றைய தாளிலேயே யார் வீட்டு வேலை, எவ்வளவு வந்தது, ரொக்கமா யுபிஐயா, ஆட்களுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிவிடுவேன். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது ஒரு நோட்டில் ஆட்களிடம் கையெழுத்து வாங்குகிறேன். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு முன்பணக் கணக்கில் தகராறு வந்தபோது அந்த நோட்டுதான் எல்லோருக்கும் நியாயம் சொன்னது. இப்போது அவர்களே கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

கணக்கு தெரிந்தவர் யாராவது இதற்கும் பதில் சொல்லுங்கள்: எங்கள் பில் புத்தகத்தில் "இன்டீரியர் டெக்கரேஷன்" என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார் அச்சகத்துக்காரர். அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டோம். அது வேறு பிரிவில் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.


வரி ஆலோசகர், திருச்சி
2025 ஆகஸ்ட் 11

கோவைக்காரர் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் தொடாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த 20,000. சிறிய தொகைதான், ஆனால் முள் அங்கேதான் இருக்கிறது. கமிஷன், தரகு வருமானம் உள்ளவருக்கு 44ஏடி பொருந்தாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கமிஷனை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டு மற்றத் தொழிலை 44ஏடியில் காட்டலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்துக்குள் போகாமல் இருப்பதே நல்லது. கடை பில் உங்கள் பெயரில் இருந்து, அதற்காக ஆண்டு முடிவில் கடைக்காரர் கொடுத்த தொகை என்றால், அது நீங்கள் வாங்கிய சரக்குக்கான தள்ளுபடி. உங்கள் கொள்முதல் விலை குறைகிறது, லாபத்தில் 20,000 கூடுகிறது, அவ்வளவுதான். பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்க, வாடிக்கையாளரை அழைத்து வந்ததற்காக உங்கள் கையில் கொடுத்தால் அது கமிஷன். எது என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இனி வீட்டுக்காரர் பெயரில் போடும் பில்லில் தள்ளுபடியை அவருக்கே குறைத்துவிடச் சொல்லுங்கள், உங்கள் பங்கைக் கூலியில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய் உங்களிடம் தங்கினாலும், "நான் பணத்தை வாங்கிக் கடையில் கொடுத்தவன் மட்டும்தான்" என்ற வாதம் ஜிஎஸ்டியில் நிற்காது.

ஒயர், சுவிட்ச் நிறுவனங்கள் மின்பணியாளர்களுக்குக் கூப்பன், தங்கக் காசு, வெளிநாட்டுப் பயணம் என்று தருகின்றன. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் தரும் இத்தகைய பலன் 20,000 ரூபாயைத் தாண்டினால் 194ஆர் பிரிவில் அந்த நிறுவனம் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 2022 ஜூலை முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டிய விவரம் உங்கள் பான் எண்ணில் வந்துவிடும். தாய்லாந்து போய்வந்த படத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கணக்கில் மட்டும் மறைப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ரொக்கம். கோவைக்காரர் இதை விட்டுவிட்டார். ஒரு வீட்டு வேலைக்கு மொத்தம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது. தவணை தவணையாகப் பிரித்து வாங்கினாலும் ஒரே வேலைக்கானது என்றால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். 269எஸ்டி என்று பிரிவு. அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே. 44ஏடியில் இருக்கிறோம் என்பது இதற்குக் காப்பு ஆகாது.

44ஏடிக்குள் ஒருமுறை வந்தவர் ஐந்து ஆண்டுகளுக்குள் தரைக்குக் கீழே லாபம் காட்டி வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகள் திரும்பி வர முடியாது. கைவேலைக்காரர்களுக்கு இந்த நிலை வருவது அரிது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்வரி, அதாவது ஆண்டு முடியும் முன்பே கட்டும் வரி, உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஓர் ஆண்டில் வரி 10,000 ரூபாய்க்கு மேல் வரும் நிலை வந்தால், 44ஏடிக்காரர்கள் நான்கு தவணை கட்ட வேண்டாம், மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும்.

புது வீட்டுக்கு, அதுவும் அடுக்ககத்தில் இல்லாத தனி வீட்டுக்கு, பொருள் இல்லாமல் கூலிக்கு மட்டும் செய்யும் ஒயரிங்குக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது விலக்குள்ள கூலியையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். பழைய வீட்டில் ஒயர் மாற்றும் வேலைக்கு இந்த விலக்கு இல்லை.

தென்காசி அம்மாவுக்கு: உட்புற அலங்காரம் சட்டத்தில் பட்டியலிட்ட தொழில்முறைப் பணிகளுள் ஒன்று. அதற்கு 44ஏடிஏ, தரை லாபம் 50 சதவீதம். உங்கள் கணவர் செய்வது மர வேலை. கதவு, ஜன்னல், அலமாரி செய்பவர் 44ஏடிதான். புத்தகம் தீர்ந்ததும் அடுத்ததில் "மர வேலைகள்" என்று அச்சடியுங்கள். அச்சகத்துக்காரரின் அழகுணர்ச்சிக்காக நீங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.


மின்வேலைக்காரர், மதுரை
2025 ஆகஸ்ட் 18

எல்லோருக்கும் நன்றி. பில் கட்டைப் பிரித்துவிட்டேன். 13.5 லட்சத்தில் 5.8 லட்சம் என் பெயரில் இருக்கிறது, மற்றது வீட்டுக்காரர்கள் பெயரில். அப்படியானால் என் விற்றுமுதல் 16.8 லட்சம், 20-க்குக் கீழேதான். கடைக்காரர் கொடுத்த 20,000 என் பெயரில் இருந்த கடன் கணக்குக்கான தள்ளுபடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே லாபம் 6.8 லட்சம். 26ஏஎஸ்-இல் 2,100 இருக்கிறது. கணக்கரிடம் போய் 6.8 காட்டுங்கள் என்றேன். "ஊரில் யாரும் இப்படிக் காட்டுவதில்லை" என்றார். உங்கள் பதிலைக் காட்டினேன், சரி என்றார், ஆனால் கட்டணத்தை 500 ஏற்றிவிட்டார்.

ஒரு சந்தேகம். படிவத்தில் கையிருப்பு ரொக்கம், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி என்று கேட்கிறது. மார்ச் 31 அன்று என் சட்டைப் பையில் என்ன இருந்தது என்று இப்போது எப்படிச் சொல்வது? இன்னொன்று, வங்கியில் மூன்று ஆண்டுக் கணக்கு கேட்கிறார்களே?


குழாய் ஒப்பந்தக்காரர், கோவை
2025 ஆகஸ்ட் 18

500 ரூபாய்க்கு நீங்களே நிரப்பியிருக்கலாம், போகட்டும்.

பாக்கிகளுக்குக் கடைக் கடன் நோட்டைப் பாருங்கள். மார்ச் 31 அன்று கடைக்கு நீங்கள் தர வேண்டியது எவ்வளவு, வீட்டுக்காரர்கள் உங்களுக்குத் தர வேண்டியது எவ்வளவு என்பது அதிலும் உங்கள் கைப்பேசியிலும் கிடைத்துவிடும். கையிருப்புக்கு மார்ச் கடைசி வாரத்தில் வாங்கிய ரொக்கத்தையும் பையன்களுக்குக் கொடுத்த சம்பளத்தையும் வைத்து நியாயமான ஓர் எண்ணைப் போடுங்கள். எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டு அனுப்பிவிடுவார்கள் சிலர், அதைச் செய்யவிடாதீர்கள். விற்றுமுதலைப் பிரித்துக் காட்டும்போது யுபிஐ, வங்கி வழியே வந்தது 15.3 லட்சம், ரொக்கம் 1.5 லட்சம் என்று தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பிய பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியே சரிபார்க்க வேண்டும். கணக்கர் அதை மறந்துவிட்டால் தாக்கல் செய்ததாகவே கணக்கில் வராது. ஓடிபி உங்கள் கைப்பேசிக்குத்தான் வரும், அவர் எதிரே உட்கார்ந்து முடித்துவிட்டு வாருங்கள்.

மூன்று ஆண்டு என்பது வங்கிக்கு வங்கி மாறும், இரண்டு போதும் என்பவர்களும் உண்டு. இந்த ஆண்டுக் கணக்கை இப்போதும், நடக்கிற ஆண்டின் கணக்கை 2026 ஏப்ரல் பிறந்து படிவம் வெளியானவுடனேயும் போட்டுவிட்டால், இரண்டு கையில் இருக்கும். அதற்குள் அஸ்திவாரமும் செப்டிக் டேங்கும் சொந்தப் பணத்தில் முடித்துவிடுங்கள். குழாய் வேலைக்கு மதுரைக்கு வர முடியாது, ஆனால் வரைபடத்தை அனுப்பினால் பைப் அளவு குறித்துத் தருகிறேன். பொருளை உங்கள் பெயரிலேயே பில் போட்டு வாங்குங்கள், இந்த முறை வீட்டுக்காரர் நீங்கள்தான்.